வார்டில் யாரோ சொல்லிவிடுகிறார்கள்

அடி அண்ணாமலை
ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு ஆர்த்தி எழுதுவது.

அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் கம்மியாகவில்லை. மஸ்கட்டில் வெயில் ஜாஸ்தி என்று அண்ணன் போனில் சொன்னதிலிருந்து உங்கள் இருவரையும் பற்றித்தான் அம்மாவுக்குக் கவலை. உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

போன் இருக்கும்போது ஏன் மெயில் என்று யோசிப்பீர்கள். நான் போனை எடுத்தாலே அம்மா, "ஸ்பீக்கர்ல போடுடி, நானும் கேக்கறேன்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். பிறகு அடி அண்ணாமலை முழுக்க அந்தச் செய்தி கிரிவலம் வருகிறது. ஆகவே இனி நமக்குள் கடிதம்தான்.

விஷயம் இதுதான். இந்த மாதத்திலிருந்து என்னைப் பெண்கள் வார்டுக்கு இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். நீங்கள் ஆறு வருஷம் வேலை பார்த்த அதே வார்டு. ஆபரேஷன் தியேட்டரிலேயே இருந்தவளுக்கு வார்டைப் பற்றி என்ன தெரியும்? நிர்வாக அதிகாரி ராமகிருஷ்ணன் சாரிடம் கேட்டேன். "தலைமைப் பண்பு கத்துக்கலாம்மா, சனிக்கிழமை கிளாஸ் வெச்சிருக்கோம்" என்றார். சென்னையிலிருந்து சக்கரபாணி என்று ஒருவர் வந்து நடத்துகிறார்.

இதில் எனக்கு ஒரு சந்தேகம். வார்டில் எல்லோருக்கும் மூத்தவர் தனம் அக்கா. பதவி அவருக்குத்தான் போயிருக்க வேண்டும். அவரிடம் கேட்டார்களாம், வேண்டாம் என்றாராம். இந்தக் காலத்தில் வருகிற பதவியை யார் வேண்டாம் என்பார்கள்? என்னை முன்னால் தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்கிறாரோ என்று தோன்றுகிறது. நீங்கள் அவரோடு வேலை பார்த்தவர். அவர் எப்படிப்பட்டவர் என்று மறைக்காமல் எழுதுங்கள்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் ஆர்த்தி


மஸ்கட்
ஜூன் 15

பாசமுள்ள ஆர்த்திக்கு,

உன் கடிதம் பார்த்து அவ்வளவு சந்தோஷம். உன் அண்ணனிடம் சொன்னேன். "என் தங்கச்சி அதிகாரி ஆயிட்டாளா, இனிமே அவகிட்ட பாத்துப் பேசணும்" என்று சிரிக்கிறார். நாங்கள் சௌக்கியம். எனக்குத்தான் ஏசியிலேயே இருந்து சளி. அத்தையின் முட்டிக்கு ஒத்தடம் கொடு. மாத்திரையை நிறுத்தவிடாதே.

வார்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். மூன்றாம் படுக்கைக்கு மேலே இருக்கும் ஃபேன் சத்தம் போடும், வயதானவர்களை அங்கே போடாதே. சொந்தக்காரர்கள் கும்பலாக வந்தால் கத்தாதே. ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் மற்றவர்கள் தானே போய்விடுவார்கள். பௌர்ணமிக்குப் பேருந்து ஊருக்குள் வராது, அன்றைக்கு டூட்டி போடும்போது நடந்து வரக்கூடியவர்களாகப் பார்த்துப் போடு. கிளாசில் சொல்வதையெல்லாம் ஒரே வாரத்தில் செய்து பார்க்காதே. சோற்றை ஒரே வாயில் விழுங்க முடியாது.

பயப்படாதே. உனக்கு வரும்.

உன் அண்ணி
கீர்த்தனா


அடி அண்ணாமலை
ஜூன் 29

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். சளி விட்டதா? அம்மா துளசி போட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்கிறார். அங்கே துளசி கிடைக்குமா என்று அவருக்கு யோசனை இல்லை.

ஃபேனைப் பற்றி எழுதினீர்கள், பேருந்தைப் பற்றி எழுதினீர்கள். நான் கேட்ட தனம் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். நான் உள்ளே போனால் பேச்சு நிற்கிறது. மருந்து அறைக்குள் தனம் அக்கா தனியாகப் போவதே இல்லை. கூட ஒருத்தி போவாள், கதவைச் சாத்திக்கொள்வார்கள், உள்ளே கிசுகிசு. வெளியே வரும்போது ஊசி தயாராக இருக்கும். ஒரு ஊசி மருந்தை எடுக்க எதற்கு இரண்டு பேர்?

இன்னொன்று. மருந்துப் பெட்டிகள் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. ஒன்றில் பெரிய சிவப்பு, ஒன்றில் சின்னக் கறுப்பு, இன்னொன்றில் கல் வைத்த பச்சை. "இதென்ன பெட்டிக்கெல்லாம் பொட்டு?" என்று இனியாவைக் கேட்டேன். வார்டில் எல்லோரிலும் சின்னவள் அவள். "சும்மா, அழகுக்கு சிஸ்டர்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வலிக்குப் போடுகிற மருந்தெல்லாம் வெளியே நல்ல விலைக்குப் போகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எந்தப் பெட்டி யாருடையது என்று அடையாளமோ?

கிளாசில் நேற்று நாடகம் மாதிரி ஒன்று நடத்தினார்கள். நான் இன்சார்ஜ், இன்னொருத்தி லேட்டாக வரும் நர்ஸ். முடிந்ததும் சக்கரபாணி, "நீங்க கேள்வி கேக்கறது போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கற மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஒரு நாள் எங்கள் வார்டில் நின்று பார்க்கட்டும்.

அடுத்த வாரம், ஜூலை 7 திங்கள் முதல் ஒரு மாற்றம் செய்யப் போகிறேன். டூட்டி மாறும்போது நாற்காலியில் உட்கார்ந்து ஒப்படைக்கக் கூடாது. ஒவ்வொரு படுக்கையாக நின்று, நோயாளியின் முன்னால் சொல்ல வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும்தான்.

அன்புடன்
ஆர்த்தி


மஸ்கட்
ஜூலை 6

பாசமுள்ள ஆர்த்திக்கு,

இங்கே எல்லோரும் நலம், சளி போய்விட்டது. அத்தையிடம் துளசி குடித்தேன் என்று சொல்லிவிடு, பொய்யானாலும் அவர் மனசு குளிரும்.

படுக்கையருகே ஒப்படைப்பது நல்ல யோசனை. எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படித்தான். மலையாளப் பெண்கள் இதில் கெட்டிக்காரிகள்.

தனம் நல்லவள். அவளைப் பற்றி எழுத அதிகம் ஒன்றுமில்லை. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான், வேலையைக் கோயில் மாதிரி நினைப்பாள். இரண்டு பேராக மருந்து எடுப்பது தப்பில்லையே? தப்பு நடக்காமல் இருக்கத்தானே அப்படிச் செய்வார்கள். நீ போய் அதைக் கிளறாதே. உன் அண்ணன் சம்பளம் வந்ததும் உனக்கு ஒரு வாட்ச் வாங்க வேண்டும் என்கிறார். வெள்ளை வேண்டுமா, கறுப்பா?

உன் அண்ணி
கீர்த்தனா


அடி அண்ணாமலை
ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம்தான். அம்மாவும் அப்படியே. வாட்ச் எந்த நிறமானாலும் சரி. இப்போது எனக்கு நேரம் சரியில்லை, அதைக் காட்ட எதற்கு வாட்ச்?

அந்தத் திங்கள்கிழமை என்ன நடந்தது தெரியுமா? நான் வார்டுக்குள் நுழைகிறேன், எல்லோரும் முதல் படுக்கை பக்கத்தில் வரிசையாக நிற்கிறார்கள். "ஆரம்பிக்கலாமா சிஸ்டர்?" என்கிறார் தனம் அக்கா. நான் இன்னும் வாயே திறக்கவில்லை. யாருக்கும் சொல்லாத ஒன்று எப்படித் தெரிந்தது?

இரண்டு வாரமாக இதே யோசனை. என் போனை யாராவது எடுத்துப் பார்க்கிறார்களா? டூட்டியில் போனை மேசை டிராயரில்தான் வைக்கிறேன். இனியா அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கிறாள். பில் கவுண்டர் பாலாஜி வேறு என்னைப் பார்த்ததும் தனம் அக்காவோடு பேசுவதை நிறுத்தினான். ராமகிருஷ்ணன் சாரே என்னை வேவு பார்க்கச் சொல்லியிருப்பாரோ என்றுகூட நினைத்துவிட்டேன். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்த வார்டில் சுவருக்கு வாயும் இருக்கிறது.

சரி, நானும் விடுவதாக இல்லை. "எல்லாருக்கும் பொதுவான வேலைன்னா அது யாருக்கும் இல்லாத வேலை, ஆளுக்கு ஆள் பொறுப்பைப் பிரிச்சுக் கொடுங்க" என்று கிளாசில் சொன்னார்கள். ஆகஸ்ட் முதல் ஆளுக்கு ஆறு படுக்கை. அந்த ஆறு பேருக்கு மருந்து எடுப்பதும் கொடுப்பதும் அவள் ஒருத்தியே. ஜோடி போட்டுக்கொண்டு மருந்து அறைக்குள் போவது இனி கிடையாது. அன்றைக்கே அந்தப் பொட்டுகளையும் சுரண்டி எடுத்துவிடப் போகிறேன். பார்க்கலாம், யார் மூக்கில் வேர்க்கிறது என்று.

ஆர்த்தி


மஸ்கட்
ஆகஸ்ட் 3

பாசமுள்ள ஆர்த்திக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. டூட்டி ஜாஸ்தி. உன் அண்ணனுக்கு இடுப்புப் பிடிப்பு, இப்போது பரவாயில்லை. அத்தைக்குச் சொல்லாதே.

பொட்டுகளை எடுத்துவிட்டாயா, இனிதான் எடுக்கப் போகிறாயா? எடுக்காமல் இருந்தால் அப்படியே விட்டுவிடேன். அது இருப்பதால் உனக்கு என்ன கஷ்டம்? நோயாளிக்கும் ஒன்றுமில்லை. ஆளுக்கு ஆறு படுக்கை என்பதும் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம் வார்டுக்கு ஒத்துவராது. பழையபடி இரண்டு பேராகவே விடு ஆர்த்தி. நான் கேட்டுக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்.

வெள்ளை வாட்ச் வாங்கிவிட்டோம்.

உன் அண்ணி
கீர்த்தனா


அடி அண்ணாமலை
ஆகஸ்ட் 10

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மாவும் நானும் நலம். அண்ணன் இடுப்புக்குச் சுடுதண்ணீர் பை வையுங்கள். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

பொட்டுகளை எடுத்தாயிற்று. எடுப்பதற்கு முந்தின நாளே தனம் அக்கா என்னிடம் வந்து, "பொட்டெல்லாம் எடுக்கப் போறீங்களாமே சிஸ்டர், இருந்துட்டுப் போவட்டுமே" என்றார். உங்களுக்குச் சொன்னது யார் என்று கேட்டேன். "பேசிக்கினாங்க" என்றார். யார் பேசிக்கொண்டார்கள்? ஸ்பிரிட் வைத்து நானே ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் சுண்டிப்போய்விட்டது. குற்றமில்லாதவருக்கு எதற்கு அந்த முகம்? மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?

உங்கள் கடிதமும் எனக்கு விளங்கவில்லை. ஆறு வருஷம் வேலை பார்த்த இடம், பாசம் இருக்கும், சரி. ஆனால் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு ஒரு பொட்டுக்காக நீங்கள் கெஞ்சுவது ஏன்?

அடுத்த வாரம் முதல் மருந்து அறைச் சாவி என் கையில்தான் இருக்கும். வேண்டும் என்றால் என்னிடம் கேட்டு வாங்கட்டும். நான் வீட்டுக்குப் போனால் சாவியும் என்னோடு வரும். இதையும் உங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

ஆர்த்தி


அடி அண்ணாமலை
ஆகஸ்ட் 17

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சாவியைப் பற்றி நான் எழுதியது பொய். அப்படி ஒரு யோசனை எனக்கு இருந்ததே இல்லை. எந்த மடையன் மருந்து அறைச் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போவான்? வாயால் யாரிடமும் சொல்லவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு டூட்டிக்குப் போனேன். அந்தப் பொய் இந்த உலகத்தில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை தனம் அக்கா வந்தார். "சாவியை வீட்டுக்கு எடுத்துக்கினு போறதுன்னா, அவசரத்துக்கு ஒண்ணை இனியாகிட்ட விட்டு வைங்க சிஸ்டர்" என்றார்.

இனியாவைச் சந்தேகப்பட்டேன், பாலாஜியைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் வீட்டு ஆளே. அண்ணி என்று நினைத்து மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். நீங்கள் அதை அப்படியே அங்கே ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு எவ்வளவு அவமானமாக இருக்கிறது தெரியுமா? நான் முதுகைக் காட்டியதும் அந்த வார்டே சிரித்திருக்கும்.

இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தம்மா மருந்து திருடுகிறாள். திருடி. மற்றவர்கள் கூட்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. தனம் அக்காவை நம் ஆஸ்பத்திரியின் செங்கம் கிளைக்கு மாற்றச் சொல்லி ராமகிருஷ்ணன் சாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கே ஒரு ஷிஃப்டுக்கு ஒரே நர்ஸ். கூட்டுச் சேர ஆள் இருக்காது. அடுத்த மாதம் பாதியில் உத்தரவு வரும்.

இதையும் அவரிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆர்த்தி


மஸ்கட்
ஆகஸ்ட் 19

ஆர்த்திக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். நீயும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும்.

ஆமாம், நான்தான் சொன்னேன். உன்னைக் கேலி செய்ய இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. நீ என்ன செய்யப் போகிறாய் என்று அவளுக்கு முன்னாடியே தெரிந்தால் அவள் அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

தனம் திருடி இல்லை. என் தாலிமேல் கை வைத்துச் சொல்கிறேன். ஏன் இரண்டு பேர், ஏன் பொட்டு என்று என்னால் சொல்ல முடியாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் கையில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அவளைச் செங்கத்துக்கு அனுப்பாதே. தனியாக மட்டும் விடாதே. என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு. இந்த ஒன்றை மட்டும் கேள்.

கீர்த்தனா


அடி அண்ணாமலை
செப்டம்பர் 9

அண்ணிக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் நல்ல வார்த்தையாக வந்திருக்காது.

பௌர்ணமிக்கு என்ன நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைக்கு எனக்கு லீவு. ஆனாலும் சாயங்காலம் போனேன். பௌர்ணமியில் ஆள் கம்மி, யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று போனேன். அம்மாவிடம் குபேர லிங்கம் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்றேன். கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வேலூர் ரோடு தடுப்பு பக்கத்தில் வரும்போது இனியா போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள்.

"சிஸ்டர், தனம் அக்கா ஊசி போட மாட்டேங்கறாங்க. பாஞ்சாலை அம்மா வாந்தி எடுத்துக்கினே இருக்காங்க. அவங்க பையன் கத்தறாரு. நான் வேற பேஷன்டை விட்டு வர முடியல, மூச்சுத் திணறுது அவங்களுக்கு. டாக்டர் தியேட்டர்ல இருக்காரு."

பாஞ்சாலை முந்தின நாள் கர்ப்பப்பை எடுத்தவர், தனம் அக்காவின் ஆறு படுக்கையில் ஒருவர். எனக்கு ஆத்திரம். பழி வாங்குகிறார் என்றே நினைத்தேன். பாஞ்சாலையின் மகன் மருந்து அறைக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றான். அவனை நகர்த்திவிட்டு உள்ளே போனேன்.

தனம் அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் ஒவ்வொரு குப்பி. கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒளிக்கவில்லை. எப்போதும் சிஸ்டர் என்பவர், அன்றைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஆர்த்தி, இதுல எதும்மா வாந்தி மருந்து?"

எனக்குப் புரியவில்லை. வாங்கிப் பார்த்தேன். வலது கையில் இருந்தது வாந்தி மருந்து. இடது கையில் இருந்தது பொட்டாசியம். அண்ணி, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை அப்படியே நரம்பில் ஏற்றினால் நெஞ்சு நின்றுபோகும்.

ஊசியை நான் போட்டேன். திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா. சக்கரை கண்ணுக்குப் போயிடுச்சு. ஆளுங்களைத் தெரியுது, நிறம் தெரியுது. எழுத்துதான் தெரியல. புள்ளைங்க கூட வந்து படிச்சுச் சொல்லுங்க. பொட்டு வெச்சிருந்தோம், பெட்டி மாறாம எடுப்பேன். பொட்டு போனப்புறம் இனியாதான் மறைவா வந்து படிச்சுச் சொல்லிக்கினு இருந்தா, இன்னிக்கு அவளாலும் வர முடியல. இப்ப பொட்டும் இல்ல, படிக்க ஆளும் இல்ல. அதான் போடல."

இன்சார்ஜ் பதவியை ஏன் வேண்டாம் என்றார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுத்து வேலை அல்லவா அது.

நான் திருட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரிடமிருந்து பொட்டையும் ஆளையும் பறித்துக்கொண்டு ஆறு உயிர்களை அவர் ஒருவர் கையில் கொடுத்திருக்கிறேன். அதுவும் கிளாசில் நல்ல மார்க் வாங்கிய திட்டம். அவர் அந்த ஊசியைக் குத்தியிருந்தால் பாஞ்சாலையின் கதி என்ன, தனம் அக்காவின் கதி என்ன, என் கதி என்ன?

மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டே ராமகிருஷ்ணன் சாரிடம் போனேன். மறைக்க மாட்டேன் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி அவர் மருந்தைத் தொடக் கூடாது, அதில் நான் இறங்கி வரமாட்டேன். நோயாளிகளைச் சேர்ப்பதும், வீட்டுக்கு அனுப்பும்போது எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லித்தருவதும் அவர் வேலை. காகிதம் எதையும் அவர் படிக்க வேண்டாம், அதற்கு ஆள் உண்டு. செங்கம் கிளைக்கு மாற்றக் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சார் முனகினார். "நீங்கதானே சார் தலைமை கத்துக்கச் சொன்னீங்க" என்றேன்.

உங்கள்மேல் கோபம் இருக்கிறதா என்றால், இருக்கிறது.

ஆர்த்தி


மஸ்கட்
செப்டம்பர் 20

பாசமுள்ள ஆர்த்திக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் சரியில்லை. நீயும் அத்தையும் சௌக்கியமா?

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ செய்தது எல்லாம் சரி. கோபமாகவே இரு, பரவாயில்லை.

தனம் என் போனை எடுக்கவில்லை. பத்துத் தடவைக்குமேல் அடித்துவிட்டேன். இனியாவிடம் கேட்டால், "உங்கமேலதான் சந்தேகப்படறாங்க அக்கா. நான்தான் போன் பண்ணினேன்னு சொன்னாலும், லீவுல இருந்த ஆர்த்தி சிஸ்டர் எப்படி உடனே வந்து நின்னாங்க, கீர்த்தனா சொல்லாம அவளுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க" என்கிறாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற உன்னைப் பகைத்துக்கொண்டேன். இப்போது அவளும் இல்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும்? எனக்கு அக்கா தங்கை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து அவள்தான் எனக்கு அக்கா.

நீ சொன்னால் நம்புவாள். ஒரு தடவை சொல்லு ஆர்த்தி.

உன் அண்ணி
கீர்த்தனா


அடி அண்ணாமலை
செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முட்டி வலி தேவலை. நீங்களும் அண்ணனும் நன்றாகச் சாப்பிடுங்கள்.

சொன்னேன். நம்பவில்லை. "நீங்க ஒரே குடும்பம், ஒருத்தரை ஒருத்தர் விட்டுக் கொடுப்பீங்களா?" என்றார். வார்டில் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை. நோயாளிகளிடம் மணிக்கணக்காகப் பேசுவார், நான் போனால் வாயை மூடிக்கொள்வார். நான் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரியே இப்போது அவர் என்னைச் சந்தேகப்படுகிறார். எனக்கு இது வேண்டும்தான்.

இதற்கு வேறு வழி தெரியவில்லை. இன்றைக்குச் செங்கம் ரோட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். ஆசிரமம் பக்கத்துச் சந்து. வாசலிலேயே நிற்க வைத்தார். போனைக் காட்டி, "அண்ணி எனக்கு எழுதினது, நான் அண்ணிக்கு எழுதினது எல்லாம் இதுல இருக்குக்கா. நான் படிக்கறேன், நீங்க கேளுங்க" என்றேன். யோசித்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

ஜூன் மாதத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒன்றையும் விடவில்லை. வேடிக்கை பார்க்கிறாரோ என்று எழுதியதையும் படித்தேன். மாடியில் வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்காரம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆகஸ்ட் பதினேழு வந்தபோது அந்த ஒரு வரியைத் தாண்டிவிடலாமா என்று நினைத்தேன். அவருக்குத் தெரியவா போகிறது? ஆனால் அப்படித் தாண்டினால் நான் எதற்கு அங்கே போனேன்?

படித்தேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "நீ திருடின்னு எழுதினியே, அதை இன்னொரு தடவை படி" என்றார்.

இன்னொரு தடவை படித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துத் தெரியாவிட்டாலும் ஆளைத் தெரியும் என்று அவரே சொன்னார் அல்லவா. எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு கேட்டார், "கீர்த்தனா ஒரு இடத்துலகூட என் கண்ணைப் பத்தி எழுதலையே?"

"ஒரு இடத்துலயும் இல்லக்கா."

"நீ என்னைத் திருடின்னு எழுதினப்புறம்கூட?"

"அப்பவும் எழுதலை."

உங்களிடம் போனில் பேசச் சொன்னேன், இப்போது வேண்டாம் என்றார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அவளுக்கு எழுதறப்ப நான் சொல்றதையும் சேத்துக்கோ. மாத்தாம எழுது" என்றார். மாற்றாமல் எழுதுகிறேன்.

"கீர்த்தனா, நீ சொல்லலைன்னு இப்ப நம்பறேன். ஆனா சொல்லியிருக்கணும்டி. நான் சத்தியம் கேட்டா நீ குடுத்துடறதா? அவ அண்ணின்னு நம்பிக் கேட்டாளே, அப்பவே சொல்லியிருக்கணும். அன்னிக்கு நான் அந்த ஊசியைப் போட்டிருந்தா, பாஞ்சாலை புள்ளைக்கு நாம ரெண்டு பேரும் என்ன பதில் சொல்றது?"

அவ்வளவுதான் சொன்னார்.

ஆர்த்தி